லியோனில் சாப்பிட மதியமே போங்கள்

பிரான்ஸின் லியோன் நகரத்துக்குப் போனால் ஒரு வேளையாவது 'பூஷோன்' எனப்படும் சின்ன உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். பல கடைகளில் மதியத்துக்கென்று தனி மெனு உண்டு. இரவைவிட விலை குறைவு, சமைப்பது அதே கைதான். 12 மணிக்கே போய்விடுங்கள், 2 மணிக்கு மேல் போனால் பெரும்பாலும் கிடைக்காது. ஞாயிறு, திங்கள் பல கடைகளுக்கு விடுமுறை.

முதல் தடவை என்றால் கெனெல் கேளுங்கள். பைக் என்ற ஆற்று மீனை அரைத்து, முட்டையும் வெண்ணெயும் சேர்த்து நீளவாக்கில் பிடித்தது. சாஸில் ஊறி, நன்றாக உப்பி, மேலே லேசாகச் சிவந்து வரும். கரண்டி பட்டாலே உடையும், அவ்வளவு மென்மை! ஆந்துயேத் என்பது குடல் சாசேஜ். வாடை தூக்கலாக இருக்கும், பழகியவர்களுக்குத்தான் பிடிக்கும். பன்றி சாப்பிடாதவர்கள் இதில் பன்றி இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள், சாலட்டைப் பற்றியும் கேளுங்கள்; லியோன் சாலட்டில் பன்றித் துண்டுகள் கிடக்கும்.

அப்புறம், தண்ணீருக்கு 'கராஃப் தோ' என்றே கேளுங்கள். குழாய்த் தண்ணீர், இலவசம். வெறுமனே தண்ணீர் என்றால் பாட்டில் வந்து பில்லில் ஏறலாம். சர்வீஸ் கட்டணம் விலையிலேயே அடக்கம். டிப்ஸ் உங்கள் விருப்பம்.