வாய்ல வெள்ள படை இருக்குதா? துடைச்சு பாக்கறதுல இருந்து பயாப்சி ரிப்போர்ட் படிக்கற வரைக்கும்

ஏனுங்க, வலியும் இல்ல எரிச்சலும் இல்ல, கன்னத்துக்குள்ள வெள்ளையா கொஞ்சூண்டு படை, இதுக்கு போயி எதுக்கு சதைய வெட்டணும்னு கேட்டுட்டேதான் நெறைய பேரு வெட்டுன சதை போட்ட பாட்டில லேப்புக்கு கொண்டாந்து குடுக்கறாங்க. நான் டாக்டர் இல்லீங்க, ஈரோட்டுல லேப் டெக்னீசியன், அந்த சதைய மெழுகுல வெச்சு சீவி ஸ்லைடு போடறதுதான் நம்ம சோலி. வெட்டறதுக்கு முன்னாடி நீங்க பாத்துக்க வேண்டியது இருக்குது, அத சொல்லீர்றேன்.

மொதல்ல ஊட்டுலயே நல்ல வெளிச்சத்துல, கைய கழுவிட்டு, சுத்தமான துணில அந்த வெள்ளைய மெதுவா துடைச்சு பாருங்க. துடைச்சா வந்துருச்சு, அடில செவப்பா இருக்குதுன்னா பெரும்பாலும் காளான் தொற்றுங்க, சுகர் இருக்கறவங்க, பல்செட் போட்டவங்க, வீசிங்குக்கு இன்ஹேலர் இழுக்கறவங்களுக்கு வரும், மருந்துல போயிரும். கன்னத்த இழுத்து புடிச்சா மறஞ்சு போகுதுன்னா அதுக்கு பயப்படவே வேண்டியதில்ல. ரெண்டு கன்னத்துலயும் ஊசிக்கோலமாட்ட வலை வலையா கோடு ஓடுதுன்னா அது வேற சீக்கு, லைக்கன் பிளானஸ்னு சொல்லுவாங்க, அதையும் டாக்டர்கிட்ட காட்டணும். பல்லு வலிக்கு கிராம்பு தைலமும் பொகயிலயும் வெச்சு அமுக்கறது நம்ம பக்கம் சகஜம், அது வெந்துகூட வெளுத்து போகும். இதுல எதுலயும் சேராம, துடைச்சாலும் போகாத வெள்ள படைக்குதான் லுக்கோபிளேக்கியான்னு பேரு. சிலருக்கு அது பின்னாடி கேன்சரா மாறலாம், அதனாலதான் வலி இல்லாட்டியும் வெட்டி பாக்கறது.

அடுத்தது காரணத்த எடுக்கறது. பொகயில அடக்கறது, ஹான்ஸ், கூல்லிப், பீடி, வெத்தலபாக்கு எல்லாத்தையும் நிறுத்தணும். வெறும் பாக்குதான் போடறேன் பொகயில இல்லைங்கற கதை வேண்டாங்க, பாக்கு தனியாவே கேன்சர் உண்டாக்கும்னு ஒலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் ஆராய்ச்சி பிரிவு 2004லயே சொல்லீருச்சு. நைட்டு ஷிப்ட்டு தறி ஓட்டறவங்களுக்கு நிறுத்தறது எவ்வளவு கஷ்டம்னு தெரியும், தூக்கம் வராம இருக்கத்தானே போடறாங்க, ஆனா வேற வழி இல்ல. கூரா ஒடஞ்ச பல்லு ஒரசுதுன்னா அதையும் தேய்ச்சு சரி பண்ணிக்கோங்க. இதெல்லாம் பண்ணி 2 வாரத்துல மறையலைனா பயாப்சி, அதாவது சின்ன துண்டு சதை எடுத்து லேப்ல பாக்கறது. நோம்பி முடியட்டும், அறுவடை முடியட்டும்னு தள்ளாதீங்க.

சிலதுக்கு அந்த 2 வாரமும் கெடையாது. வெள்ளையோட செவப்பு கலந்திருக்குது, புண்ணாயிருக்குது, தொட்டா கெட்டியா இருக்குது, கழுத்துல கட்டி தட்டுப்படுது, இல்ல படை நாக்கு ஓரத்துலயோ நாக்குக்கு அடிலயோ இருக்குதுன்னா ஒடனே போயிருங்க. கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரி, பெருந்துறை மெடிக்கல் காலேஜு இருக்குது, இல்லாட்டி கொமாரபாளையம், திருச்செங்கோடு, சூலூர் பக்கம் பல் காலேஜுங்க இருக்குது, அங்க ஓரல் மெடிசின்னு, வாய் சீக்கு பாக்கற பிரிவ கேட்டு போங்க.

கத்தி பட்டா பரவீரும்னு ஊருக்குள்ள ஒரு பேச்சு இருக்குது பாருங்க, அதுதான் எச்சா கெடுக்கறது. சின்ன துண்டு எடுத்து பாக்கறதால சீக்கு பரவாதுங்க. நீல சாயம் தடவி பாக்கறதும் பிரஷ்ல சொரண்டி பாக்கறதும் எங்க சந்தேகம்னு காட்டுமே தவிர பயாப்சிக்கு பதிலாகாது.

பயாப்சி அன்னிக்கு வெறும் வயித்துல போகாதீங்க, மரப்பு ஊசிதான் போடுவாங்க, சாப்பிட்டுட்டே போலாம். ரத்தம் கட்டாம இருக்கற மாத்திரை சாப்பிடறவங்க டாக்டர்கிட்ட சொல்லணும், நீங்களா நிறுத்தக்கூடாது. படை பெருசா இருந்தா, செவந்தோ தடிச்சோ ரொம்ப சந்தேகமா இருக்கற எடத்துலதான் துண்டு எடுக்கணும், டாக்டருக்கு அது தெரியும், ஆனா எந்த எடம் உறுத்துதுன்னு நீங்க கையக்காட்டி சொல்லுங்க. எடுத்ததும் ஒடனே 10 சதவீத பார்மலின்ல, அதாவது சதை கெடாம வெக்கற மருந்துத்தண்ணில போடணும். தண்ணிலயும் சலைன்லயும் கெடந்து ஊறி வர்ற துண்டு அழுகி, செல்லு எதுவும் சரியா தெரியாது, அப்பறம் திரும்ப வெட்டறது யாருக்குங்க கஷ்டம்? பாட்டில நீங்களே லேப்புக்கு கொண்டு போறதா இருந்தா பேரு, வயசு, எந்த பக்கம் எடுத்ததுன்னு மூடில இல்லாம பாட்டில் மேலயே எழுதியிருக்குதான்னு பாருங்க.

அன்னிக்கு முழுக்க சூடு காரம் வேண்டாம், ஆறுன தயிர்சோறு போதும், வேகமா கொப்பளிக்காதீங்க. மறுநாள்ல இருந்து உப்புத்தண்ணி.

ரிப்போர்ட்ல லுக்கோபிளேக்கியான்னு தேடாதீங்க, அது கண்ணுல பாத்து வெக்கற பேரு. நீங்க பாக்க வேண்டியது டிஸ்பிளேசியாங்கற வார்த்தைய. இல்லைன்னு இருந்தா, மைல்டுன்னு இருந்தா, மாடரேட், சிவியர்னு இருந்தா ஒவ்வொண்ணுக்கும் வழி வேற. டிஸ்பிளேசியான்னா கேன்சர் இல்ல, செல்லு தாறுமாறா மாற ஆரம்பிச்சிருக்குதுன்னு அர்த்தம், நெறைய பேருக்கு அது கேன்சராவும் மாறாது. சிவியர்னா பெரும்பாலும் வெட்டியோ லேசர்லயோ எடுத்துருவாங்க. கார்சினோமா இன் சிட்டுன்னா மேல்தோல் முழுக்க மாறிருச்சு ஆனா அடி சவ்வ தாண்டல, இன்வேசிவ்னு போட்டிருந்தா தாண்டிருச்சு, அன்னிக்கே கேன்சர் டாக்டர பாருங்க. டிஸ்பிளேசியா இல்லைன்னு வந்தாலும் டாக்டர் சொல்ற தேதிக்கு போயி காட்டுங்க, துண்டு சின்னது, மிச்ச எடத்துல என்ன இருக்குதுன்னு அது சொல்லாது. எடுத்த படையும் திரும்ப வரலாம். வைட்டமின் மாத்திரைய மட்டும் முழுங்கிட்டு உக்காந்திருக்க வேண்டாம்.

வேற டாக்டர்கிட்ட காட்டணும்னா ரிப்போர்ட் பேப்பர் மட்டும் பத்தாதுங்க, ஸ்லைடையும், சதைய பதிச்சு வெச்சிருக்கற மெழுகு பிளாக்கையும் எழுதிக்குடுத்து வாங்கிட்டு போங்க. பிளாக்க வெயில்ல நிக்கற காருக்குள்ள வெச்சுட்டு போயிராதீங்க, மெழுகு எளகீரும்.