கிராபிக்ஸ் கார்டை மாற்றும் நேரம் வந்துவிட்டதா? சேலத்து வெயிலில் கேம் ஆடுபவர்களுக்கு

புதுக் கிராபிக்ஸ் கார்டு ஒன்று வெளியாகும் ஒவ்வொரு முறையும் பசங்க கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, என்கிட்ட 1660 சூப்பர் இருக்கு, மாத்திடலாமா?" எந்த கேம் ஆடும்போது என்ன ஆகிறது என்று திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. கார்டுக்கு வயசாகிவிட்டது என்பது மட்டும் மாற்றுவதற்குப் போதாது. நீங்கள் ஆட நினைக்கும் கேம் சரியாக ஓடவில்லை, அதற்குக் காரணம் கார்டுதான் என்று நீங்களே அளந்து பார்த்துவிட்டீர்கள், இந்த இரண்டும் சேர்ந்தால் பணத்தை எடுங்கள். அதுவரை வேண்டாம்.

அளப்பது பெரிய வேலை இல்லை. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற சாஃப்ட்வேர் இலவசம், எண்களைத் திரையில் காட்டும் ரிவா ட்யூனரும் கூடவே வந்துவிடும், எந்தக் கம்பெனி கார்டாக இருந்தாலும் வேலை செய்யும். திரையின் மூலையில் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்ற கணக்கு), ஜிபியு (கார்டில் உள்ள சிப்) பயன்பாடு, ஜிபியு சூடு, கார்டு மெமரி, சிபியு (கம்ப்யூட்டரின் முக்கிய சிப்) பயன்பாடு இந்த ஐந்தும் தெரிகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். வி-சிங்க் (எஃப்பிஎஸ்ஸை மானிட்டர் வேகத்தோடு கட்டிப்போடும் செட்டிங்), எஃப்பிஎஸ் லிமிட் இரண்டையும் அணைத்துவிட்டு, கேமில் எந்த இடத்தில் திணறுகிறதோ அதே இடத்துக்குப் போய் கொஞ்ச நேரம் ஆடுங்கள். லிமிட்டை அணைக்காமல் பார்த்தால் கார்டு 60 சதவீதத்தில் சும்மா இருப்பது போலக் காட்டும், அதை நம்பி முடிவெடுக்கக் கூடாது.

ஜிபியு 95 சதவீதத்துக்கு மேலேயே நின்றுகொண்டு எஃப்பிஎஸ் குறைவாக இருந்தால் கார்டு தன்னால் முடிந்ததை எல்லாம் செய்துவிட்டது என்று அர்த்தம். ஜிபியு 60, 70 சதவீதத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தால் சிக்கல் வேறு இடத்தில், பெரும்பாலும் சிபியுவில். சந்தேகம் இருந்தால் ரெசல்யூஷனை (படத்தின் புள்ளி அளவை) 1080-லிருந்து 720-க்கு இறக்கிப் பாருங்கள். எஃப்பிஎஸ் எகிறினால் கார்டுதான் முட்டுக்கட்டை. அப்படியே அசையாமல் இருந்தால் எவ்வளவு விலை கொடுத்துக் கார்டு வாங்கிப் போட்டாலும் அந்த கேமில் ஒன்றும் மாறாது. வாலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 மட்டுமே ஆடுகிறவர்கள் இதை அவசியம் செய்து பார்க்க வேண்டும், அவை சிபியுவை நம்பி ஓடுகிற கேம்கள். ஒரே ஒரு ரேம் ஸ்டிக் போட்டிருப்பவர்கள் அதே அளவில், அதே வேகத்தில் இன்னொன்று போட்டாலே வித்தியாசம் தெரியும்.

சராசரி எஃப்பிஎஸ் நன்றாக இருக்கிறது, ஆனால் திரும்பும்போதெல்லாம் ஒரு வெட்டு வெட்டுகிறது, சுவரும் தரையும் மங்கலாக வந்து அப்புறம்தான் தெளிகிறது என்றால் கார்டு மெமரி நிரம்பிவிட்டது. 4 ஜிபி, 6 ஜிபி கார்டுகளில் இப்போது இது சகஜம். டெக்ஸ்சர் செட்டிங்கை மட்டும் ஒரு படி இறக்குங்கள். வெட்டு நின்றுவிட்டால் காரணம் உறுதி, அதோடு அந்த ஒரு படியிலேயே இன்னும் ஒரு வருஷம் ஓட்டிவிடவும் முடியும்.

அடுத்ததுதான் நம் ஊருக்கு முக்கியமானது. கார்டின் சூடு எப்போதும் அறையின் சூட்டுக்கு மேல்தான் ஏறும். ஏற்காட்டில் 22 டிகிரி அறையில் 68-ல் நிற்கும் கார்டு, ஏப்ரல் மதியம் அஸ்தம்பட்டியில் 37 டிகிரி மாடி அறையில் 83-ஐத் தொடும். என்விடியாவின் 10 வரிசைக் கார்டுகளில் (1060, 1080 போன்றவை) பல அந்த 83-ஐ ஒட்டித் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்படி வைக்கப்பட்டிருப்பவை. மார்கழியில் நன்றாக ஓடிய கேம் சித்திரையில் திணறுவதைப் பார்த்துவிட்டு கார்டு போச்சு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நீங்கள் எந்த நேரத்தில் ஆடுவீர்களோ அந்த நேரத்தில், அந்த அறையில் அளந்தால்தான் கணக்கு சரிவரும்.

வெயில் போதாது என்று தறிப் பஞ்சு வேறு. அம்மாப்பேட்டையில் என் சித்தப்பா வீட்டுக்குப் பின்பக்கம் விசைத்தறி ஓடுகிறது. அவர் பையனின் 1650 சூப்பர் திணறுகிறது என்று கார்டைக் கழற்றி, ஃபேன் மூடியை நான்கு திருகு எடுத்துத் தூக்கினோம். ஃபேனுக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவில் பஞ்சு ஒரு சாம்பல் நிறத் துணியாகவே படிந்திருந்தது, விரலால் ஓரத்தைப் பிடித்து இழுத்தபோது ஒரே துண்டாக வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஃபேன் இறக்கைகள் சுத்தமாகத்தான் தெரிந்தன. பஞ்சை எடுத்து, சிப்பின் சூட்டைத் தகடுகளுக்குக் கடத்தும், காய்ந்து போயிருந்த தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக வைத்து மாட்டியதும் அதே கேம், அதே அறை, சூடு பத்து டிகிரிக்கு மேல் இறங்கியது. அந்தக் கார்டை அவன் இன்னமும் ஓட்டிக்கொண்டிருக்கிறான். குகை, கொண்டலாம்பட்டி, அம்மாப்பேட்டைப் பக்கம் இருப்பவர்கள் கார்டு மாற்றும் பேச்சை எடுப்பதற்கு முன் இதை ஒரு தடவை செய்யுங்கள். புளோயர் அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றில் தாறுமாறாகச் சுழன்றால் பேரிங் கெடும். வாரண்டி இருக்கிற கார்டு என்றால் திருகில் கை வைக்காமல் காற்று மட்டும் அடியுங்கள்.

ஏற்காட்டில் இருப்பவர்களுக்குப் பஞ்சுத் தொல்லை கிடையாது, ஈரம்தான் எதிரி. பனி உள்ளே வரும் ஜன்னலிலிருந்து கேபினெட்டைத் தள்ளி வையுங்கள், மழைக்காலத்தில் வாரக்கணக்கில் அணைத்தே போட்டு வைக்காதீர்கள்.

சரி, சுத்தம் செய்தாயிற்று, செட்டிங்ஸ் குறைத்தாயிற்று, எஃப்எஸ்ஆர் போட்டாயிற்று (சின்னப் படத்தைப் பெரிதாக்கி எஃப்பிஎஸ்ஸைக் கூட்டும் வசதி, இது என்விடியாவின் பழைய ஜிடிஎக்ஸ் கார்டிலும் ஓடும், அதே வேலையைச் செய்யும் டிஎல்எஸ்எஸ்ஸுக்குத்தான் ஆர்டிஎக்ஸ் வேண்டும்). அப்படியும் 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் எஃப்பிஎஸ் 35-ஐத் தாண்டவில்லை என்றால் தாராளமாக மாற்றுங்கள். அளக்காமலே மாற்ற வேண்டிய நிலையும் ஒன்று உண்டு: நீங்கள் ஆட ஆசைப்படும் கேம் உங்கள் கார்டில் திறக்கவே திறக்காது என்பது. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ், 2025-ல் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் இரண்டுக்கும் ரே ட்ரேசிங் (ஒளி, நிழலைக் கணக்கிட்டுக் காட்டும் வசதி) உள்ள கார்டு கட்டாயம், ஒரு காலத்தில் ராஜாவாக இருந்த 1080 டிஐ-க்கும் அங்கே இடமில்லை. 10 வரிசைக் கார்டுகளுக்குப் புது கேம்களுக்கான டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) தருவதை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது, பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2028 அக்டோபர் வரை உண்டு. பழைய கேம்கள் மட்டும் ஆடுபவர்கள் இதற்காகப் பதற வேண்டியதில்லை.

எதற்கு மாறுவது? ஆடுகிற கேமில் எஃப்பிஎஸ் கிட்டத்தட்ட இரண்டு மடங்காக வேண்டும், இதுதான் நான் வைத்திருக்கும் அளவுகோல். 1650-லிருந்து ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600-க்குப் போனால் அது கிடைக்கும், 1060-லிருந்து என்விடியாவின் 4060-க்குப் போனாலும் கிடைக்கும். 3060 12 ஜிபியைக் கொடுத்துவிட்டு 4060 வாங்குவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், வேகம் சுமார் ஐந்தில் ஒரு பங்கு கூடும், மெமரியோ 8 ஜிபியாகக் குறைந்துவிடும். இன்று புதிதாக வாங்குகிறவர்கள், நான்கைந்து வருஷம் ஓட்டப் போகிறீர்கள் என்றால், 5060 டிஐ-யிலோ ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி-யிலோ 16 ஜிபி ரகத்தையே கேட்டு வாங்குங்கள். இரண்டும் 8 ஜிபியிலும் வருகின்றன, அட்டைப்பெட்டியில் பெயர் ஒன்றாகவே இருக்கும், அளவைப் பார்த்து எடுங்கள்.

விலை இறங்கட்டும் என்று காத்திருப்பது சில சமயம் பலிக்கும், சில சமயம் பலிக்காது. 2021-ல் கிரிப்டோ மைனிங்கும் (கார்டுகளை ஓட்டி டிஜிட்டல் காசு ஈட்டுவது) சிப் தட்டுப்பாடும் சேர்ந்து விலையை எங்கேயோ கொண்டு போயின, 2022 செப்டம்பரில் எத்திரியம் என்ற கிரிப்டோ காசின் மைனிங் நின்றபின்தான் பழைய கார்டுகள் சந்தையில் வந்து குவிந்தன. அதனால் தேவை உண்மையாக இருந்து, பணமும் கையில் இருந்தால் வாங்கிவிடுங்கள், தேவை இல்லையென்றால் எந்தத் தள்ளுபடிக்கும் மசியாதீர்கள்.

கார்டு விலையோடு செலவு முடியாது என்பதையும் பாருங்கள். கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ்ஸில் (பவர் சப்ளை) கார்டுக்குக் கரண்ட் தரும் 8 பின் கேபிளே பெரும்பாலும் இருக்காது, மோலெக்ஸ் (பழைய நான்கு பின் கேபிள்) கன்வெர்ட்டர் போட்டு ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். ஆர்எக்ஸ் 6600-க்கு 450 வாட், 4060-க்கு 550 வாட் என்று கம்பெனிகளே சொல்கின்றன, அதுவும் நல்ல பிராண்டில். அடுத்தது யூபிஎஸ். வீடுகளில் இருக்கும் 600 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். புதுக் கார்டு, சிபியு, மானிட்டர் மூன்றும் சேர்ந்து இழுக்கும்போது கரண்ட் போனால் அது கத்திக்கொண்டே அணைந்துவிடும். பழைய மதர்போர்டில் பிசிஐஇ 3.0 (கார்டு செருகும் இடத்தின் பழைய, வேகம் குறைந்த ரகம்) இருந்தால் 6600-ம் 4060-ம் எட்டு லேன்களை (டேட்டா போகும் பாதைகளை) மட்டுமே பயன்படுத்துபவை என்பதை நினைவில் வையுங்கள், மெமரி நிரம்பும் கேம்களில் அங்கே கொஞ்சம் கூடுதலாக அடிவாங்கும். கடைசியாக ஒரு இஞ்ச் டேப் எடுத்து கேபினெட்டுக்குள் நீளத்தை அளந்துவிடுங்கள், ஹார்ட் டிஸ்க் கூண்டில் இடிக்கும் கார்டுகள் நிறைய.

செகண்ட் ஹேண்ட் வாங்கினால் ஆளை நேரில் பார்த்து, கார்டு அவர் சிஸ்டத்தில் ஓடும்போதே வாங்குங்கள். அரை மணி நேரம் கேம் ஓட விட்டு சூட்டையும் ஃபேன் சத்தத்தையும் கவனியுங்கள், எல்லா டிஸ்ப்ளே போர்ட்டிலும் ஒரு தடவை கேபிள் செருகிப் பாருங்கள், பில்லில் உள்ள சீரியல் நம்பரும் கார்டில் ஒட்டியிருப்பதும் ஒன்றா என்று பாருங்கள். வாரண்டி ஒரு வருஷமாவது மிச்சம் இருந்தால்தான் நான் கை நீட்டுவேன். உங்கள் பழைய கார்டை விற்கும்போதும் இதே மாதிரி ஓட்டிக் காட்டி, பேஸ்ட் மாற்றியிருந்தால் அதையும் சொல்லிக் கொடுங்கள். புதுசு வந்த வாரத்திலேயே விற்றுவிடுவது நல்லது, 10 வரிசைக் கார்டை இன்னும் ஆறு மாசம் அலமாரியில் வைத்திருந்தால் கேட்பவர்கள் குறைந்துவிடுவார்கள்.