சாலொமோன் கட்டின ஆலயத்தைத் தியானிக்கும் முறை

முதலில் வேதாகமத்தில் 1 இராஜாக்கள் 5 முதல் 8 வரையுள்ள அதிகாரங்களை ஒரே மூச்சில் வாசியுங்கள். பிறகு தாளில் படம் வரையுங்கள்: நீளம் 60 முழம், அகலம் 20, உயரம் 30. முழத்தை சுமார் 45 சென்டிமீட்டராகக் கொண்டால் நீளம் ஏறக்குறைய 27 மீட்டர்தான். பிரமாண்டமாகக் கற்பனை செய்தவர்களுக்கு இதுவே முதல் திருத்தம். உள்ளே மகா பரிசுத்த ஸ்தலத்தை, அதாவது உடன்படிக்கைப் பெட்டி வைக்கப்பட்ட உள்ளறையை, நீளம், அகலம், உயரம் மூன்றும் 20 முழமாகக் குறியுங்கள்.

அடுத்து 6:7-ல் நிதானமாக நில்லுங்கள். கற்கள் முன்னதாகவே பணிதீர்க்கப்பட்டு வந்ததால், கட்டுமிடத்தில் சுத்தி, வாச்சி முதலிய இரும்புக் கருவிகளின் சத்தமே கேட்கவில்லை. கல் வெட்டும் இடத்தில் எத்தனை உளியடி விழுந்திருக்கும்! உங்கள் வாழ்க்கையில் யாரும் பார்க்காமல் செதுக்கப்பட வேண்டியது கோபமா, நாவா, பணமா என்று ஒன்றை மட்டும் எழுதி, ஒரு வாரம் அதற்காக ஜெபியுங்கள். பத்து எழுதினால் ஒன்றும் நடக்காது.

6:11-13-ஐத் தாண்டிவிடாதீர்கள். கட்டட விவரத்தின் நடுவே கர்த்தர் பேசுவது அளவுகளைப் பற்றியல்ல, கீழ்ப்படிதலைப் பற்றி.

பலர் தவறுவது இங்கே: ஒவ்வொரு எண்ணுக்கும் மறைபொருள் தேடுகிறார்கள். வசனமே விளக்காத எண்ணை அளவாகவே விட்டுவிடுங்கள். இன்னொன்று, 30,000 பேரின் கட்டாய வேலையை மறப்பது. 5:13-ஐ, சாலொமோன் சுமத்திய நுகம் பாரமானது என்று 12:4-ல் ஜனங்கள் சொன்ன முறையீட்டோடு சேர்த்து வாசியுங்கள். ஊழியத்தில் பிறர்மேல் சுமத்தும் பாரத்தை அது சோதிக்கும்.

கடைசியாக 8:27-ஐச் சத்தமாக வாசித்து, சாலொமோனின் அந்த ஜெபத்தையே உங்கள் ஜெபமாக்குங்கள்.