மேக்கில் தமிழ்99: ஒன்பது வயது மகளுக்குச் சொல்லிக்கொடுத்த முறை

என் மகள் பெங்களூரில் பிறந்தவள். பள்ளியில் ஆங்கிலம், கன்னடம், இந்தி. தமிழ் வீட்டில் மட்டும்தான். நன்றாகப் பேசுவாள், எழுத்துக்கூட்டி வாசிப்பாள், எழுதச் சொன்னால் மட்டும் எழுந்து போய்விடுவாள். அம்பாசமுத்திரத்தில் இருக்கும் ஆச்சி, "எனக்குத் தமிழ்ல ஒரு லெட்டர் போடுட்டி" என்று போனில் கேட்டபோது இவள் என்னிடம் வந்து, "அப்பா, உங்க மேக்ல அடிச்சுத் தரட்டுமா?" என்றாள். அப்படித்தான் தொடங்கியது. சனிக்கிழமை காலையில் அரை மணி நேரம் வீதம், நான்கு வாரம் ஆனது. ஆப்பிளின் மேக் கணினியில் தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பை அவள் கற்றதை, எங்களுக்குச் சரிவந்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். பெரியவர்களும் இதே வழியில் கற்கலாம்.

படி 1: விசைப்பலகையைச் சேர்ப்பது

எதையும் தரவிறக்க வேண்டாம். தமிழ் விசைப்பலகை மேக்கிலேயே இருக்கிறது. ஆப்பிள் மெனுவில் சிஸ்டம் செட்டிங்ஸ் திறந்து, இடப்பக்கப் பட்டியலில் கீபோர்டு என்பதைத் தேர்ந்தெடுங்கள். அங்கே டெக்ஸ்ட் இன்புட் பகுதியில் இன்புட் சோர்சஸ் என்ற வரிக்கு எதிரே எடிட் பொத்தான் இருக்கும். அதை அழுத்தி, கீழே உள்ள கூட்டல் குறியைத் தட்டி, பட்டியலில் தமிழைத் தேடி, தமிழ் 99-ஐச் சேருங்கள். 2022-இல் வந்த வெஞ்சுரா என்ற மேக் இயங்குதளத்துக்கு முந்தைய பதிப்பு என்றால் சிஸ்டம் பிரிஃபரன்சஸ், கீபோர்டு, இன்புட் சோர்சஸ் என்று போக வேண்டும்.

அதே இடத்தில் மெனு பாரில் இன்புட் மெனுவைக் காட்டும் வசதியையும் இயக்கிவிடுங்கள். ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாற கன்ட்ரோல் விசையுடன் ஸ்பேஸ் பார். புதிய மேக்புக்குகளில் இடது கீழ் மூலையில் உருண்டைப் பூமிப் படம் போட்ட விசையையும் இதற்கு வைத்துக்கொள்ளலாம். குழந்தைக்கு அதுதான் எளிது.

பட்டியலில் அஞ்சல் என்று இன்னொன்றும் இருக்கும். ஆங்கில எழுத்தில் ஒலியை அடித்தால் தமிழாக மாற்றித் தருவது அது. ஆங்கிலத் தட்டச்சில் கை பழகியவர்களுக்கு முதல் நாளே ஓடும். நான் பல வருடம் அப்படித்தான் அடித்தேன். ஆனால் தமிழ் எழுத்தை இப்போதுதான் கற்கும் குழந்தைக்கு அது வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அம்மா என்ற சொல்லை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று யோசித்துவிட்டுத்தான் அவள் தமிழுக்கு வர வேண்டியிருக்கும். தமிழ்99-இல் ம என்றால் ம, ஆ என்றால் ஆ.

படி 2: விரல் வைப்பது

சென்னையில் 1999 பிப்ரவரியில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி வந்த அமைப்பு இது. தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்டதும் இதைத்தான். பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், ஓர் ஆய்தம், ஆக 31 விசைகள். ஷிஃப்டைத் தொடாமலே தமிழின் 247 எழுத்துகளையும் அடித்துவிடலாம்.

உயிர் எல்லாம் இடக்கைக்கு, மெய்யில் பெரும்பகுதி வலக்கைக்கு. இரண்டு ஆள்காட்டி விரல்களுக்கும் நடு வரிசையில் சின்ன மேடு வைத்த விசைகள் இருக்கும். இடக்கை மேடு ஃ, வலக்கை மேடு ப. அங்கே விரலை ஊன்றிக்கொண்டால் மற்றதெல்லாம் தானே அமையும்.

இடக்கை நடு வரிசை: சுண்டு விரலில் அ, மோதிர விரலில் இ, நடு விரலில் உ, ஆள்காட்டியில் ஃ, அதையே சற்று உள்ளே நீட்டினால் எ. நேர் மேலே பாருங்கள். அ-வுக்கு மேல் ஆ, இ-க்கு மேல் ஈ, உ-வுக்கு மேல் ஊ, எ-க்கு மேல் ஏ. குறிலுக்குத் தலைமேல் நெடில். ஃ-க்கு மேல் ஐ. கீழ் வரிசையில் ஔ, ஓ, ஒ, அப்புறம் வ, ங.

வலக்கை நடு வரிசை: உள்ளிருந்து வெளியே க, ப, ம, த, ந, ய. மேல் வரிசையில் ள, ற, ன, ட, ண, ச, ஞ. கீழே ல, ர. கமாவும் முற்றுப்புள்ளியும் பழைய இடத்திலேயே. அவற்றைத் தாண்டி ழ.

விசைகளில் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம். இன்புட் மெனுவில் கீபோர்டு வியூவரைத் திறந்தால் திரையில் விசைப்பலகைப் படம் வந்துவிடும். அதைப் பார்த்து அடிக்கும் குழந்தை கையைப் பார்ப்பதில்லை. முதல் வாரம் முழுக்க நடு வரிசை மட்டும்தான்.

படி 3: மெய் முதலில், உயிர் பிறகு

மேக்கோடு வரும் டெக்ஸ்ட்எடிட் என்ற எழுதும் செயலியைத் திறந்து, எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு இதைத் தொடங்குங்கள். க அடித்து இ அடித்தால் கி. க அடித்து ஃ அடித்தால் க். எதுவும் சேர்க்காவிட்டால் க. அவ்வளவுதான். மெய்க்குப் பின்னால் வந்தால் ஃ புள்ளியாகிவிடும். உயிருக்குப் பின்னால் வந்தால் ஆய்தமாகவே நிற்கும். எஃகு அடித்துப் பாருங்கள்.

என் மகள் இதை என்னைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டாள். கன்னட வகுப்பில் காகுணித என்று மெய்யோடு உயிர் சேரும் வாய்பாட்டை ஏற்கெனவே படித்திருந்தாள். "இது தமிழ் காகுணிதவாப்பா?" என்று கேட்டாள். ஆமாம், அதேதான். பெங்களூர்க் குழந்தைகளுக்கு இந்த வாசல் திறந்தே இருக்கிறது, பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

அவள் தடுமாறியது கொம்பில். தாளில் கெ எழுதும்போது கொம்பு முதலில், க பிறகு. அந்தப் பழக்கத்தில் எ-வை முதலில் அடித்தாள். "எக" என்று வந்தது. கண்ணுக்குத் தெரியும் வரிசையை விட்டுவிட்டு வாய் சொல்லும் வரிசையில் அடிக்க வேண்டும். கொ என்றால் க, ஒ. இரண்டே விசை. கொம்பு தனி, கால் தனி என்று பிரிக்கவே கூடாது.

ஔ-வில் பெரியவர்களும் தவறுகிறார்கள். கௌரி என்று அடிக்க வேண்டிய இடத்தில் க, எ, ள என்று அடித்துவிடுவார்கள். திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும், ஆனால் கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள்; பிறகு தேடினால் கிடைக்காது. ஔ-வுக்குத் தனி விசை இருக்கிறது: க, ஔ, ர, இ.

படி 4: புள்ளி தானாக விழும் இடங்கள்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதலாவதற்குத் தானாகப் புள்ளி விழும். அ, ம, ம, ஆ என்றால் அம்மா. மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலும் அப்படியே: ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற. பள்ளியில் இன எழுத்து என்று மனப்பாடம் செய்தோமே, அதே ஆறு ஜோடி.

பயிற்சிக்குப் பாடப்புத்தகம் தேடவில்லை. அல்சூர் மார்க்கெட்டுக்குப் போக வேண்டிய காய்கறிப் பட்டியலை அவளிடம் கொடுத்துவிட்டோம். என் மனைவி சமையலறையிலிருந்து சொல்லச் சொல்ல இவள் அடிப்பாள்.

இஞ்சி: இ, ஞ, ச, இ
தக்காளி: த, க, க, ஆ, ள, இ
தேங்காய்: த, ஏ, ங, க, ஆ, ய, ஃ
கொத்தமல்லி: க, ஒ, த, த, ம, ல, ல, இ
வெண்டைக்காய்: வ, எ, ண, ட, ஐ, க, க, ஆ, ய, ஃ

பப்பாளியில் சிக்கிக்கொண்டாள். முதல் ப-வுக்கே புள்ளி விழுந்தது. இங்கே முதல் ப-வுக்குப் பின் அ விசையை ஒருமுறை தட்ட வேண்டும். அது புள்ளி வேண்டாம் என்று சொல்வதாகும்: ப, அ, ப, ப, ஆ, ள, இ.

ஜ, ஷ, ஸ, ஹ எல்லாம் ஷிஃப்டை அழுத்தினால் மேல் வரிசையின் இடப்பக்கம் வரும். தோழிகளின் பெயர்களுக்கு உடனே தேவைப்பட்டது, வேறொன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

படி 5: கடிதம்

நான்காவது சனிக்கிழமை கடிதத்துக்கு உட்கார்ந்தோம். எழுத்துருவுக்குத் தமிழ் சங்கம் எம்என் வைத்தோம். எம்என் என்பது அதை வடிவமைத்த மலேசியத் தமிழர் முத்து நெடுமாறனின் பெயரெழுத்து. மேக்கோடு வரும் இணைமதியும் அவருடையதுதான். ஆச்சியின் கண்ணுக்காக அளவை 20 ஆக்கினோம்.

அன்புள்ள என்ற முதல் சொல்லில் அ, ன, ப என்று அடித்தாள். புள்ளி விழவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அழித்துவிட்டு, "ன-வும் ப-வும் ஜோடி இல்லப்பா, நான்தான் ஃ போடணும்" என்று சொல்லிக்கொண்டே திருத்தினாள். அ, ன, ஃ, ப, உ, ள, ள. அப்புறம் ஸ்பேஸ். ஆ, ச, ச, இ.

மொத்தம் ஏழு வரி. அச்செடுத்து, கீழே பேனாவால் தன் பெயரைத் தானே தமிழில் எழுதி, திங்கட்கிழமை தபாலில் சேர்த்தோம்.