புரட்டாதி ஞாயிறும் பனங்கிழங்குப் பாத்தியும்: முதன்முறை போடுபவர்களுக்கான செய்முறை விளக்கம்

செப்டெம்பர் நடுப்பகுதி முதல் ஒக்டோபர் நடுப்பகுதி வரையான புரட்டாதி மாதத்தில் யாழ்ப்பாணத்தில் பனம்பழக் காலம் முடிவை நெருங்கும். மாரி மழை இன்னும் பிடித்திருக்காது. சுவிஸிலும் ஜேர்மனியிலும் பிள்ளைகளுக்கு இலையுதிர்கால விடுமுறை கிடைப்பதும் இந்த நாட்களை ஒட்டியே என்பதால், ஊருக்கு வந்து அப்பம்மா வீட்டிலோ அம்மம்மா வீட்டிலோ தங்கும் குடும்பங்களும் உண்டு. அப்படித் தங்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமையை வெளியே, மண்ணோடும் மரத்தோடும் கழிக்க விரும்புகிறவர்களுக்குப் பனங்கிழங்குப் பாத்தி போடுவதைவிடப் பொருத்தமான வேலை எனக்குத் தெரியவில்லை. சின்னப் பிள்ளை பழம் பொறுக்கலாம், அப்பம்மா களி பிசையலாம், மண்வெட்டி பிடிக்கக்கூடியவர்கள் மண் கொத்தலாம். சும்மா இருக்க வேண்டியவர் ஒருவரும் இல்லை.

பழம் பொறுக்குதல்

ஆறடி நீளமும் மூன்றடி அகலமும் உள்ள சிறு பாத்தி தொடங்குபவர்களுக்குப் போதும். அதற்கு ஏறத்தாழ 150 கொட்டைகள் வேண்டும். ஒரு பழத்தில் பெரும்பாலும் மூன்று கொட்டைகள் இருக்கும். ஒன்றோ இரண்டோ மட்டும் உள்ள பழங்களும் உண்டு என்பதால் அறுபது பழம் வரை தேவைப்படலாம். இவ்வளவும் ஒரே காலையில் விழாது. ஆகவே ஊரில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லி, அந்தக் கிழமை முழுவதும் சேரும் கொட்டைகளை நிழலில் குவித்து வைக்கச் செய்யுங்கள்.

ஞாயிறு விடியற்காலையில், இரவு விழுந்த பழங்களை மாடுகள் தின்னுமுன் கடகத்தோடு புறப்பட வேண்டும். காற்று வீசும்போது பிள்ளைகளை மரத்தடியில் நிற்க விடாதீர்கள். உயரத்திலிருந்து விழும் பனம்பழம் தலையில் பட்டால் உயிருக்கே ஆபத்து. காவோலைக் குவியலுக்குள் வெறுங்கையை விடக் கூடாது, பாம்போ தேளோ இருக்கலாம். பிறருடைய வளவில் விழுந்த பழத்தைக் கேட்டே எடுக்க வேண்டும். நெடுங்காலம் ஆட்கள் புழங்காத காணிகளுக்குள், குறிப்பாக மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள இடங்களில், எந்தக் காரணத்துக்காகவும் கால் வைக்காதீர்கள்.

களி பிசைதல்

பழத்தைக் கழுவி, மூள் எனப்படும், காம்புப் பக்கத்தில் மூடிபோல இருக்கும் பகுதியைக் கழற்றி, தோலை உரித்துக் கொட்டைகளைப் பிரித்தெடுங்கள். ஒவ்வொரு கொட்டையையும் மஞ்சள் நிறத் தும்பு தலைமயிர் போலச் சூழ்ந்திருக்கும். சிறிதளவு நீர் தெளித்து அந்தத் தும்பை இரு கைகளாலும் அழுத்திப் பிசைந்தால் களி கழன்று வரும். அதைத் துணியில் வடித்து, சீனி சேர்த்து, பச்சை மணம் போகும்வரை காய்ச்சி ஆறவிட்டு, கோதுமை மாவும் உப்பும் சேர்த்துக் கையால் கிள்ளிப் போடும் பதத்துக்குக் குழைத்து எண்ணெயில் பொரித்தால் பனங்காய்ப் பணியாரம். அன்று பொரித்ததை மறுநாள் உண்டு பாருங்கள், சுவை கூடியிருக்கும்.

பிசைந்து முடிந்த கொட்டைகளில் தும்பு ஒட்டியிருப்பதால் தீங்கில்லை. கையில் எடுத்தால் கனமில்லாதவற்றை மட்டும் விலக்கி விடுங்கள்.

பாத்தி அமைத்தல்

முதன்முறை போடுபவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான். பனங்கொட்டை முளைக்கும்போது குருத்து நேரே மேலே வருவதில்லை. குழாய் போன்ற ஒரு முளை முதலில் கீழ்நோக்கி மண்ணுக்குள் இறங்குகிறது. கொட்டைக்குள் இருக்கும் உணவு அதன் வழியே சென்று, அதன் அடிப்பகுதியில் கிழங்காகச் சேர்கிறது. எனவே கொட்டைக்குக் கீழே எவ்வளவு ஆழத்துக்கு மண் பொலபொலவென்று இருக்கிறதோ அந்த அளவுக்கே கிழங்கு நீளும். இறுகிய நிலத்தில் குழி தோண்டிக் கொட்டையைப் புதைத்தால், குட்டையான, கோணலான கிழங்குதான் கிடைக்கும்; அதைக் கிண்டி எடுப்பதும் பெரும் பாடு.

ஆகையால் நிலத்தை ஓரடி ஆழத்துக்குக் கொத்தி, கல்லையும் வேரையும் பொறுக்கி, அதன்மேல் பக்கத்து மண்ணையும் கொட்டி, நில மட்டத்திலிருந்து ஒன்றரை அடியாவது உயரும்படி மேடாக்க வேண்டும். தென்மராட்சி, வடமராட்சிப் பகுதிகளின் மணல் நிலம் இதற்கு மிக ஏற்றது. வலிகாமத்துச் செம்பாட்டு மண் மழையில் நனைந்து காய்ந்தால் இறுகும் என்பதால், அங்கு மணல் கலந்துகொள்வது நல்லது என்பது என் கருத்து. வெள்ளம் நிற்கும் பள்ளத்தில் பாத்தி போடவே கூடாது, கொட்டை அழுகிவிடும்.

மேட்டின் மேற்பரப்பைச் சமப்படுத்தி, கொட்டைகளை ஒன்றோடொன்று நெருக்கி, ஒரே அடுக்காக வரிசையில் வையுங்கள். இதைப் பிள்ளைகளிடம் விட்டுவிடலாம். கண்ணுள்ள பக்கம் கீழே இருந்தால் முளை நேரே இறங்கும். சற்றுச் சரிந்து வைத்தாலும் அது தானே வளைந்து கீழ்நோக்கிப் போகும் என்பதால் பிள்ளைகளைத் திருத்திக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. பிறகு கொட்டை மறையும் அளவுக்கு, இரண்டு மூன்று அங்குல மண்ணால் மூடி, காவோலை பரப்பி, ஆடு மாடு மிதிக்காதபடி சுற்றிவரக் கருக்குமட்டைகளை நட்டு விடுங்கள்.

பராமரிப்பு

மழை தொடங்கும்வரை மண் காயாதபடி நீர் தெளிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை வந்தபின் பெரிதாக வேலை இல்லை. மழை கரைத்த இடத்தில் மண் அணைத்தால் போதும்.

கிழங்கு கிண்டுதல்

மூன்று நான்கு மாதங்களில், தை மாதத்தை ஒட்டிக் கிழங்கு திரண்டுவிடும். அதற்குள் நீங்கள் விமானம் ஏறியிருப்பீர்கள் என்றால், கிண்டும் பொறுப்பை யாரிடம் விடுகிறீர்கள் என்பதை அந்த ஞாயிறே பேசி முடிவு செய்யுங்கள். ஓரத்தில் ஒன்றைக் கிண்டிப் பார்த்து, திரட்சி போதுமென்றால் பாத்தியின் ஒரு பக்கத்தில் மண்ணை வெட்டித் திறந்து, அங்கிருந்து உள்நோக்கிக் கிண்டிக்கொண்டு போக வேண்டும். மேலிருந்து குத்தினால் கிழங்கு முறியும். ஓலை விரியும்வரை விட்டுவைத்தால் நார் முற்றிவிடும்.

கழற்றிய கொட்டைகளை எறியாதீர்கள். கத்தியால் பிளந்தால் உள்ளே வெண்மையான, பஞ்சு போன்ற, இனிப்பான பகுதி இருக்கும்; அதுதான் பூரான். கிழங்கை உப்பும் மஞ்சளும் சேர்த்து அவித்து, தோலையும் நடுவில் உள்ள பீலியையும் நீக்கி, தேங்காய்ச் சொட்டோடு உண்ணலாம். அவித்த கிழங்கைக் காயவைத்தால் புழுக்கொடியல். அவிக்காமல் தோலுரித்து, நெடுக்காகப் பிளந்து காயவைத்தால் கூழுக்கும் பிட்டுக்கும் மா இடிக்கும் ஒடியல். வெளிநாட்டுக்கு அனுப்புவதென்றால் உடைத்தால் படீரென்று முறியும் பதம்வரை காயவைத்த பிறகே பொதி செய்யுங்கள். ஈரம் சிறிது இருந்தாலும் பூஞ்சணம் பிடித்துவிடும்.