மதுரையிலிருந்து ஐரோப்பா: பணம் எங்கே கரைகிறது, எங்கே பிடிக்கலாம்

பன்னிரண்டு நாளில் எட்டு நாடு என்று பேக்கேஜ் விளம்பரம் பார்த்தால் லாபமாகத்தான் தெரியும். ஆனால் அங்கே பணம் கரைவதே ஊர் மாறுகிற நாட்களில்தான்: ரயில் டிக்கெட், ஸ்டேஷனிலிருந்து ரூமுக்கு டாக்ஸி, பெட்டி வைக்க லாக்கர், பசி தாங்காமல் ஸ்டேஷனிலேயே வாங்குகிற சாண்ட்விச் என்று எல்லாம் ஒரே நாளில் வந்து விழும். அதனால் முதலில் ஊர்ப் பட்டியலைப் பாதியாக வெட்டுங்கள். இரண்டு வாரத்துக்கு மூன்று ஊர் தாராளம். அதில் ஒன்று பிராக் அல்லது புடாபெஸ்ட்டாக இருந்தால் பாரிஸில் விட்டதைக் கொஞ்சம் பிடித்துவிடலாம்.

பிள்ளைகளின் லீவை விட்டால் வழியில்லை என்பவர்கள், அழகர் ஆற்றில் இறங்கியதும் கிளம்பி மே மாதத்துக்குள் திரும்பிவிடுங்கள். ஜூலை, ஆகஸ்டில் அந்த ஊர்க்காரர்களுக்கே விடுமுறை, ரூம் வாடகை எகிறும். லீவுக் கட்டாயம் இல்லையென்றால் அக்டோபர் அருமை.

ஐரோப்பாவில் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுவரை 45, அதற்கும் சின்னக் குழந்தைகளுக்கு இலவசம். விசா மறுக்கப்பட்டால் இந்தப் பணம் திரும்ப வராது. அதனால் விசா கைக்கு வரும்வரை கேன்சல் செய்யக்கூடிய ரூம்களை மட்டும் போடுங்கள். ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். கைரேகை கொடுக்கச் சென்னைக்குப் போக வேண்டியிருக்கும், வீட்டில் எல்லோருக்கும் ஒரே நாளில் அப்பாயின்ட்மென்ட் வாங்கினால் ஒரு நடையோடு முடியும்.

விமானத்துக்குச் சென்னை, கொச்சி இரண்டையும் பாருங்கள், மதுரையிலிருந்தே கொழும்பு அல்லது துபாய் வழியாகவும் பாருங்கள். ஆனால் மதுரை–துபாய் ஒரு டிக்கெட், துபாய்–ஐரோப்பா வேறு டிக்கெட் என்று பிரித்து எடுத்தால் துபாயில் வெளியே வந்து பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டிவரும், அதற்குத் தனி விசா, மிச்சம் பிடித்தது அங்கேயே போய்விடும். இன்னொன்று, ரிட்டர்ன் என்றால் இறங்கிய ஊரிலிருந்தேதான் ஏற வேண்டும் என்று இல்லை. 'மல்ட்டி சிட்டி' என்று தேடி, பாரிஸில் இறங்கி ரோமிலிருந்து கிளம்புகிற மாதிரி எடுத்தால் திரும்பிப் போகிற ரயில் செலவு மிச்சம்.

அங்கே அதிவேக ரயில் கட்டணம் நம்ம வைகை எக்ஸ்பிரஸ் மாதிரி என்றைக்கு எடுத்தாலும் ஒன்றாக இருக்காது, முன்கூட்டி எடுத்தால் மலிவு, நாள் நெருங்க நெருங்க ஏறும். மலிவு டிக்கெட் பெரும்பாலும் அந்த ஒரு ரயிலுக்குத்தான் செல்லும், விட்டால் போச்சு. மலிவு விமானங்களில் பெட்டி அளவையும் விமான நிலையம் எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். 'பாரிஸ்' என்று போட்டு விற்கப்படும் போவே விமான நிலையம் நகரத்திலிருந்து சுமார் 85 கிலோமீட்டர்!

சாப்பாட்டுக்கு, சமையலறை உள்ள ரூம் எடுங்கள். அரிசியும் தயிரும் லிடில், ஆல்டி கடைகளில் கிடைக்கும், இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் நம்மிடமிருந்து போகட்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, நெய், பச்சைக் கறிவேப்பிலை மூன்றும் வேண்டாம், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பால் பொருளும் இறைச்சியும் கொண்டுபோகத் தடை, கறிவேப்பிலைக்குச் சான்றிதழ் கேட்பார்கள். கருவாடு சட்டப்படி போகலாம், ஆனால் ஹாஸ்டல் அடுப்பில் அதை வறுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியுமா என்பது உங்கள் பாடு. தண்ணீரைக் காசு கொடுத்து வாங்காதீர்கள். ரோமில் தெருவெல்லாம் குடிநீர்க் குழாய், பிரான்சில் ஹோட்டலில் 'கராஃப் தோ' என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் இலவசம். இத்தாலியில் காபியை நின்றுகொண்டே குடியுங்கள், உட்கார்ந்தால் பல கடைகளில் விலை வேறு.

கார்டு தேய்க்கும்போது மெஷின் ரூபாயா யூரோவா என்று கேட்டால் யூரோவை அமுக்குங்கள். ரூபாய் என்றால் அவர்கள் வைத்ததுதான் ரேட்.

மாட்ரிட் பிராடோ அருங்காட்சியகத்தில் கடைசி இரண்டு மணி நேரம் இலவசம். இத்தாலி அரசு அருங்காட்சியகங்களில் மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம், கொலோசியமும் சேர்த்து, கூட்டமும் அதற்கேற்ற மாதிரி இருக்கும். லக்சம்பர்க்கில் 2020 முதல் பஸ், டிராம், ரயில் எதற்கும் டிக்கெட் கிடையாது, ரயிலில் முதல் வகுப்புக்கு மட்டும் உண்டு.

அப்புறம், பொருள் வாங்கினால் வரி திரும்பக் கிடைக்கும்: ஜெர்மனியில் 50 யூரோவுக்கு மேல், இத்தாலியில் 70, பிரான்சில் 100. கடையில் பாஸ்போர்ட்டைக் காட்டி ஃபாரம் வாங்கிக்கொண்டு, ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுக் கிளம்பும் விமான நிலையத்தில் பெட்டியைக் கொடுப்பதற்கு முன்பே சுங்க கவுண்டருக்குப் போங்கள், பொருளைக் காட்டச் சொல்வார்கள்.