பழைய பைக்குக்கு எந்தப் பெட்ரோல்?

கார்புரேட்டர் வைத்த பழைய பைக் கைக்கு வந்ததும் பலர் பிரீமியம் பெட்ரோலைத் தேடுகிறார்கள். என்னைக் கேட்டால், முதலில் பார்க்க வேண்டியது எத்தனால் (பெட்ரோலில் கலக்கும் ஆல்கஹால்) அளவு.

1. ஆக்டேன்: கையேட்டில் உள்ள எண்ணே போதும். ஆக்டேன் கூடினால் இழுவை கூடிவிடாது. நாக்கிங்கை, அதாவது எரிபொருள் கட்டுப்பாடின்றி எரிந்து என்ஜின் தட்டுவதை, தாங்கும் திறன்தான் கூடும். ஆர்ஓஎன் (ஆக்டேனை அளக்கும் ஒரு முறை) கணக்கில் 91 என்பது அமெரிக்க பங்க்கில் சுமார் 87 என்று இருக்கும், குழம்ப வேண்டாம். மேடேறும்போது என்ஜின் தட்டினால் இக்னிஷன் டைமிங்கையும் கார்பன் படிவையும் சரிபாருங்கள். அப்புறம் ஆக்டேனை ஏற்றலாம்.

2. எத்தனால் சோதனை: நிறையப் பேர் தடுமாறும் இடம் இது. அளவுக்கோடு போட்ட, மூடியுள்ள கண்ணாடிக் குழாயில் 10 மி.லி. தண்ணீர், 90 மி.லி. பெட்ரோல் ஊற்றி மூடிக் குலுக்குங்கள். நடுநடுவே மூடியைத் தளர்த்தி ஆவியை வெளியேற்றுங்கள். திறந்தவெளியில், நெருப்புக்கு எட்டாத இடத்தில் மட்டும் செய்யுங்கள். எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் இறங்கும். குலுக்கிய உடனே அளவைப் படித்தால் தப்பாக வரும். கலங்கல் முழுதாகத் தெளியட்டும். அடி அடுக்கு 19 மி.லி.யை ஒட்டி வந்தால் 10 சதவீத எத்தனால், 28ஐ ஒட்டினால் 30 அல்ல, 20 சதவீதம்: ஊற்றிய 10 மி.லி. தண்ணீரைக் கழித்து, மீதியை 90 மி.லி.யோடு ஒப்பிட வேண்டும். சோதித்த பெட்ரோலை டேங்கில் திரும்ப ஊற்றாதீர்கள்.

கிடைப்பதில் எத்தனால் குறைந்ததையே போடுங்கள். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் கலவை லீனாகிறது, அதாவது காற்றுக்கு ஏற்ற எரிபொருள் குறைகிறது. சென்சார் உள்ள புது வண்டி தானே சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு அது தெரியாது, ஜெட்டை (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளையுள்ள பாகம்) நாம்தான் மாற்ற வேண்டும்.

3. ஹோஸ்: வேறு வழியில்லாமல் எத்தனால் பெட்ரோல்தான் என்றால், பழைய ரப்பர் ஹோஸ், ஓ-ரிங் எல்லாவற்றையும் மாற்றுங்கள். விட்டான் (எரிபொருளைத் தாங்கும் செயற்கை ரப்பர்) ரகம்தான் என் தேர்வு. மலிவான ஒளிபுகும் குழாய் சீக்கிரம் இறுகி விரிசல் விடும்.

4. நிறுத்தி வைக்கும்போது: மாதக்கணக்கில் ஓட்டப்போவதில்லை என்றால் கார்புரேட்டர் கிண்ணத்தை வடித்துவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரோடு பிரிந்து டேங்கின் அடியில் தங்கித் துருப்பிடிக்க வைக்கும்.

பின்சேர்க்கை: ஈயம் இல்லாத பெட்ரோல் ஆகுமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். கடினப்படுத்தாத வால்வ் சீட் (வால்வ் மூடும்போது பதியும் வளையம்; ஈயம் அதைத் தேயாமல் காத்தது) உள்ள மிகப் பழைய என்ஜின்களுக்குத்தான் அந்தக் கவலை. டாப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே விடும் இடைவெளி) அடிக்கடி குறைந்துகொண்டே வந்தால் சீட் தேய்கிறது என்று பொருள். ஹெட்டைப் பிரிக்கும்போது கடினமான சீட் போட்டுவிடுங்கள்.